மார்கழிக் குளிரில் திருமலை: பனி, மழை, கூட்டம் மூன்றையும் ஒருசேரத் தாங்கும் மலை நகரின் அன்றாடம்

திருப்பதி: நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலம், ஆந்திரப் பிரதேசத்தின் திருமலையில் வசிப்போருக்கும் பணிபுரிவோருக்கும் ஆண்டின் கடினமான பருவமாகும். வடகிழக்குப் பருவமழை, மூடுபனி, விழாக்காலக் கூட்டம் ஆகிய மூன்றும் இம்மாதங்களில் அடுத்தடுத்தும், சில நேரம் ஒரே வேளையிலும் மலைமீது வந்து சேர்கின்றன.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்கள் பல குளிர்காலப் பனிச்சறுக்கை நம்பி வாழ்பவை. திருமலையில் பனி பொழிந்து உறைவதில்லை. ஆயினும் இரு வகை ஊர்களுக்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிப்பது. நிலையாக வசிப்போரைவிட வந்து செல்வோர் பன்மடங்கு அதிகம். அரிசி முதல் எரிவாயு வரை அனைத்தும் மலைப்பாதை வழியாகவே வந்தாக வேண்டும். பாதை அடைபட்டால் ஊரின் அன்றாடமே தடுமாறும்.

மலையில் குளிர் ஏன் அதிகம்?

திருமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத் திருப்பதி நகரைவிட இது சுமார் 700 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது வானிலையியல் கணக்கு. அதன்படி, திருப்பதியில் மெல்லிய குளிர் நிலவும் நாளில் மலையில் 4 முதல் 5 டிகிரி வரை வெப்பம் குறைந்திருக்கும்.

வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று சேஷாசல மலைத்தொடரில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, மேகமாகவும் மூடுபனியாகவும் மாறுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் உடல் உணரும் குளிர் வெப்பமானி காட்டுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

விடியலுக்கு முன் தொடங்கும் நாள்

ஏழுமலையான் கோயிலின் நாள் பின்னிரவிலேயே தொடங்கிவிடுகிறது. மார்கழி மாதத்தில் வழக்கமான சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. 30 பாசுரங்கள் கொண்ட இத்தமிழ் நூல், தெலுங்கு நிலத்தின் மலையில் ஒரு மாதம் முழுவதும் விடியலை அறிவிக்கிறது.

கோயில் விழிப்பதற்கு முன்பே ஊர் விழித்தாக வேண்டும். மாடவீதிகளைக் கழுவும் துப்புரவுப் பணியாளர்கள், பூக்கட்டுவோர், அன்னப்பிரசாதக் கூடத்தின் சமையலர்கள், கல்யாணகட்டாவில் முடிகாணிக்கை பெறும் தொழிலாளர்கள் ஆகியோருக்குக் குளிர் விடுமுறை தருவதில்லை. மொட்டையடித்த தலையுடன் குளிர்ந்த நீரில் நீராடிவிட்டு வரும் குழந்தைகளுக்காகவே கடைகளில் கம்பளிக் குல்லாய்கள் வாசலில் தொங்கவிடப்படுகின்றன. தேநீர், போர்வை, குல்லாய் விற்போருக்கு இது வருவாய் தரும் பருவம்.

மழை: ஆபத்தும் ஆதாரமும்

திருப்பதிக்கும் திருமலைக்கும் இடையே இரு மலைப்பாதைகள் உள்ளன. 1944-இல் திறக்கப்பட்ட முதல் பாதை இப்போது இறங்குவதற்கும், 1974-இல் அமைந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. மழையில் ஊறிய மண் பாறைகளின் பிடியைத் தளர்த்துவதால் இக்காலத்தில் பாறைச் சரிவு ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை பெருஞ்சேதமடைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ஏறும் பாதையில் பெரும் பாறைகள் சரிந்து விழுந்தன. வாகனங்கள் மாற்றுவழியில் திருப்பிவிடப்பட்டதால் பக்தர்கள் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. ஸ்ரீவாரி மெட்டு சீரமைக்கப்பட்டு, 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆனால் அந்த மழையே மலைக்கு உயிர்நாடி. கோகர்ப்பம், பாபவிநாசனம், ஆகாசகங்கை, குமாரதாரா, பசுபுதாரா ஆகிய நீர்த்தேக்கங்கள் பெரும்பாலும் இப்பருவத்தில்தான் நிறைகின்றன. கோடை விடுமுறையில் திரளும் கூட்டத்துக்கான குடிநீர் இவற்றின் நீர்மட்டத்தையே பெரிதும் சார்ந்துள்ளது. ஆகவே, பாதையை உடைக்கும் மழையை மலைவாசிகள் எதிர்பார்த்தும் காத்திருக்கின்றனர்.

கூட்டமும் குளிர் இரவும்

வைகுண்ட ஏகாதசி, ஆங்கிலப் புத்தாண்டு, சங்கராந்தி ஆகியவை சில வார இடைவெளிக்குள் வருகின்றன. ஐயப்ப பக்தர்களின் வருகையும் இதே காலத்தில்தான். 2020 முதல் வைகுண்ட வாயில் 10 நாள்கள் திறந்துவைக்கப்படுவதால் நெரிசல் பல நாள்களுக்கு நீள்கிறது.

இதன் விலை எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதை 2025 ஜனவரி 8 உணர்த்தியது. மறுநாள் அதிகாலை வழங்கப்படவிருந்த இலவச தரிசன டோக்கன்களுக்காகத் திருப்பதியில் முந்தைய இரவே மக்கள் திரண்டனர். அங்கு ஏற்பட்ட நெரிசலில் 6 பேர் உயிரிழந்தனர். இரவெல்லாம் திறந்தவெளியில் காத்திருக்கும் முறையே மறுபரிசீலனைக்கு உள்ளானது. 2025 டிசம்பர் 30 அன்று வந்த அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு, முதல் மூன்று நாள்களுக்கான டோக்கன்களை இணையவழிக் குலுக்கல் மூலம் ஒதுக்கத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் முடிவெடுத்தது.

நடந்து செல்வோர் கவனிக்க வேண்டியவை

அலிபிரி பாதையில் 3,550 படிகளும், ஸ்ரீவாரி மெட்டில் 2,388 படிகளும் உள்ளன. ஏறும்போது வியர்த்து நனையும் ஆடை, உச்சியில் குளிர்காற்று பட்டதும் உடலை நடுங்கச் செய்யும். நடைபயணிகளின் உடைமைகளைத் தேவஸ்தானம் கட்டணமின்றி மேலே கொண்டு சேர்க்கிறது. எனினும் மாற்றுச் சட்டை ஒன்றையும் சால்வையையும் கையில் வைத்திருப்பது நல்லது. மழையில் படிகள் வழுக்கும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளோர் படியேறுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது தேவஸ்தானத்தின் அறிவுரை. 2023 ஆகஸ்டில் சிறுத்தை தாக்கிச் சிறுமி ஒருவர் உயிரிழந்த பின்னர் நடைபாதைகளில் நேரக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. புறப்படும் முன் அப்போதைய நேர விவரங்களை அறிந்துகொள்வது அவசியம்.

சித்தூர் வயல்களில்

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எஞ்சிய சித்தூர் மாவட்டத்தில் குளிர்காலத்தின் கணக்கு வேறு. கரும்பு அரவை தொடங்கி, வெல்லக் கொப்பரைகள் அடுப்பேறும் பருவம் இது. மாமரங்கள் பூக்கக் குளிர்ந்த இரவுகள் துணைபுரிகின்றன. ஆனால் அளவுக்கு மீறிய பனியும் ஈரமும் பூக்களில் சாம்பல் நோயை வரவழைக்கும். தோத்தாபுரி மாம்பழத்தையும் கூழ் ஆலைகளையும் நம்பியுள்ள குடும்பங்களுக்கு, ஜனவரியின் வானிலை ஜூன் மாத வருவாயை முன்கூட்டியே எழுதிவிடுகிறது.

தை மாத ரதசப்தமியன்று விடியற்காலைச் சூரியப்பிரபை முதல் இரவுச் சந்திரப்பிரபை வரை ஒரே நாளில் ஏழு வாகனங்களில் மலையப்ப சுவாமி மாடவீதிகளில் வலம் வருகிறார். அதற்குப் பின் வெயில் ஏறத் தொடங்கும், மூடுபனி விலகும். நீர்த்தேக்கங்களில் சேர்ந்த நீர் கோடை முழுவதும் தாங்குமா என்ற கணக்கு அப்போது தொடங்கும்.