ரோபோவுக்கு ஸ்பிரிங் வேணுமா, வேண்டாமா?

பைக்கில் ஷாக் அப்சார்பர் எதுக்கு என்று கேட்டால், "குலுங்காம போறதுக்கு" என்போம். அது பாதிப் பதில்தான். சக்கரம் தரையை விட்டுத் தூக்காமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. போட்டி ரோபோவில் ஆள் உட்காருவதில்லை. ஆக, இந்த இரண்டாவது வேலைக்குத்தான் சஸ்பென்ஷன். அது அவசியமா?

முக்காலி ஆடாது, நாலு கால் பெஞ்சு ஆடும். காலுக்கு அடியில் காகிதம் மடிச்சு வைக்கிறோமே! நாலு சக்கர ரோபோவின் சட்டம் விறைப்பாக இருந்தால் அதுவும் அப்படித்தான். ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அதற்கு எதிர்மூலைச் சக்கரத்திலும் பாரம் குறைந்துவிடும்.

ஒரு பக்கச் சக்கரங்களை ஒரே செயினில் பூட்டியிருந்தால் கவலை இல்லை. மோட்டாரின் சக்தி தரையைத் தொடும் சக்கரத்துக்குப் போய்விடும். சக்கரத்துக்கு ஒரு மோட்டார் என்றால் இரண்டு மோட்டார் சும்மா சுற்றும். மெக்கானம் சக்கரம் (உருளைகள் சாய்வாகப் பொருத்தியது, பக்கவாட்டிலும் ஓடும்) என்றால் ரோபோ கோணலாகப் போகும். ஏன்னா அதற்கு நாலு சக்கரமும் சேர்ந்து தள்ள வேண்டும்.

அப்போ ஸ்பிரிங் போட்டுடலாமா? பொறுங்க! போட்டியில் எடைக்கு வரம்பு உண்டு. ஸ்பிரிங்குக்குக் கூட்டும் எடையை, பொருளைத் தூக்கும் கையில்தான் குறைக்கணும். கையை உயர்த்தும்போது ரோபோ ஒரு பக்கம் சாயும், குறியும் தவறும்.

அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' ரோபோ போட்டியின் 2016 ஆட்டத்தில் அகழி, கற்சுவர் எல்லாம் தாண்ட வேண்டியிருந்தது. பல அணிகள் காற்றடைத்த டயர் போட்டே சமாளித்தன. டயரே பாதி ஸ்பிரிங்தானே!

2023-ல் நிலவில் ஓடிய நம் பிரக்யானுக்கு ஆறு சக்கரம், எடை 26 கிலோ. அதன் 'ராக்கர்-போகி' அமைப்பில் ஸ்பிரிங்கே கிடையாது! கீலில் ஆடும் கைகளே சக்கரங்களைத் தரையில் பதிக்கின்றன. ஆனால் அதன் வேகம் விநாடிக்கு 1 செ.மீ. அளவுதான். போட்டியில் அந்த வேகம் போதுமா?

என் கருத்து இதுதான்: சமதரை, செயின் வண்டி என்றால் சஸ்பென்ஷன் வீண் சுமை. மெக்கானம் என்றால் சட்டத்தைக் கொஞ்சம் வளையவிட்டாலோ, ஒரு ஜோடி சக்கரத்தை நடுவில் கீல் வைத்து ஆடவிட்டாலோ போதும். வேகமாக ஓடணும், மேடுபள்ளமும் பெரிசு, டயரும் போதவில்லை என்றால் மட்டும் ஸ்பிரிங்.

ரோபோ செய்யும் நண்பர்களே, செலவு செய்யும் முன் ஒரு சோதனை. ரோபோவைத் தரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு தாள் வைத்து இழுங்கள். எது சுலபமாக உருவி வருதோ, அந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை. நாலும் இறுக்கமா? ஸ்பிரிங் காசில் நல்ல பேட்டரி வாங்குங்க!