உற்பத்தித் தொடரின் உண்மைத் திறன்: அத்திபெலே சிறுதொழில்களுக்கு ஒரு கணக்கு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழக எல்லைக்கு முன் அமைந்துள்ள கடைசி ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் உருவாக்கிய தொழிற்பகுதி உள்ளது. எல்லைக்கு அப்பால் ஓசூரில் 1980ஆம் ஆண்டு மொபெட் உற்பத்தியும் கனரக வாகன உற்பத்தியும் தொடங்கிய பிறகு, இச்சாலையின் இருமருங்கிலும் உதிரிபாகத் தொழில்கள் பெருகின. பெரிய ஆலை குறித்த நாளில் குறித்த எண்ணிக்கையில் பாகங்களைக் கேட்கிறது. அந்த எண்ணிக்கையைத் தம்மால் கொடுக்க இயலுமா என்பதைக் கணக்கிடாமல் ஒப்புக்கொள்ளும் சிறுதொழில், அபராதத்தையும் நற்பெயர் இழப்பையும் சந்திக்க நேரிடுகிறது. கணக்கில் நேரும் பிழையின் சுமை, இறுதியில் தொழிலாளியின் ஓய்வு நேரத்தின் மீதே விழுகிறது.

காகிதத் திறனும் கைக்கு வரும் திறனும்

எடுத்துக்காட்டாக, வாகனங்களுக்கான சிறு உருளைப் பாகம் ஒன்றைத் தயாரிக்கும் தொடரைக் கொள்வோம். ஒரு பாகத்திற்கு வெட்டுதல் 30 விநாடி, கடைசல் 75 விநாடி, துளையிடல் 40 விநாடி, சாணை பிடித்தல் 60 விநாடி, சோதனை 20 விநாடி தேவைப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் இயந்திரமே உண்டு. நாளொன்றுக்கு இரண்டு ஷிப்டு, மாதத்திற்கு 25 வேலை நாட்கள், ஆக 50 ஷிப்டுகள்.

தொடரின் வேகத்தை நிர்ணயிப்பது மிக விரைவான இயந்திரமன்று. மிக மெதுவான இயந்திரமே. இங்கு அது கடைசல் இயந்திரம். ஒரு ஷிப்டின் 480 நிமிடங்களையும் 75 விநாடியால் வகுத்தால் 384 பாகங்கள், மாதத்திற்கு 19,200. பலரும் இந்த எண்ணை நம்பியே ஆர்டரை ஏற்கின்றனர். ஆனால் உணவிற்கு 30 நிமிடம், தேநீருக்கு 20 நிமிடம், துப்புரவுக்கும் பொறுப்பு ஒப்படைப்பிற்கும் 10 நிமிடம் கழிந்தால் எஞ்சுவது 420 நிமிடங்களே. அதாவது 25,200 விநாடிகள். இதன்படி ஷிப்டுக்கு 336 பாகங்களே கிடைக்கும்.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. இயந்திரக் கோளாறு, கருவி மாற்றம் ஆகியவற்றால் பத்தில் ஒரு பங்கு நேரம் வீணாகிறது என்றும், இயந்திரம் தன் முழு வேகத்தில் 95 விழுக்காடே ஓடுகிறது என்றும், கிடைக்கும் பாகங்களில் 98 விழுக்காடே தரமானவை என்றும் வைத்துக்கொள்வோம். மூன்றையும் தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவற்றைப் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 84 விழுக்காடு. ஷிப்டுக்கு 281 நல்ல பாகங்கள், மாதத்திற்கு 14,050. காகிதத்தில் இருந்த 19,200க்கும் இதற்கும் இடையே ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பாகங்கள் வேறுபாடு. இம்மூன்று காரணிகளையும் பெருக்கிப் பார்க்கும் முறையை ஜப்பானிய இயந்திரப் பராமரிப்பு வல்லுநர் செய்ச்சி நாகஜிமா உலகெங்கும் பரவச் செய்தார்.

ஆர்டரின் தாளம்

திறனைக் கணக்கிட்ட பிறகு தேவையுடன் அதனை ஒப்பிட வேண்டும். மாதத்திற்கு 15,000 பாகங்கள் வேண்டுமெனில் ஷிப்டுக்கு 300 பாகங்கள். 25,200 விநாடிகளை 300ஆல் வகுத்தால், 84 விநாடிக்கு ஒரு நல்ல பாகம் வெளிவர வேண்டும் என்பது தெரியும். கடைசல் இயந்திரத்தின் 75 விநாடியைப் பார்த்து இது எளிதே என்று தோன்றலாம். இழப்புகளையும் சேர்த்தால் அவ்வியந்திரம் ஒரு நல்ல பாகத்திற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 89.5 விநாடி. எனவே இந்த ஆர்டரை இருக்கும் நிலையில் நிறைவேற்ற இயலாது. இதனை முதல் நாளே அறிவது நன்று. இருபதாம் நாள் அறிந்தால் பயனில்லை.

இன்னோர் இயந்திரம் வாங்கலாமா?

உடனே எழும் எண்ணம், கடனுக்கு மற்றொரு கடைசல் இயந்திரம் வாங்குவது. அவ்வாறு வாங்கினால் கடைசல் கட்டத்தின் அடிப்படைத் திறன் 336லிருந்து 672ஆக உயரும். ஆயினும் தொடரின் திறன் இருமடங்காகாது. சாணைக் கட்டத்தின் திறன் 420 மட்டுமே. ஆகவே இடுக்கண் அங்கே இடம்பெயர்கிறது. கடைசலில் நூறு விழுக்காடு முதலீடு செய்து உற்பத்தியில் கிடைப்பது 25 விழுக்காடு உயர்வே. எலியாகு கோல்ட்ராட் 1984இல் வெளிவந்த ‘தி கோல்’ என்ற நூலில் வலியுறுத்திய கருத்தும் இதுவே: இடுக்கணில் இழக்கும் ஒரு மணி நேரம் ஆலை முழுவதும் இழக்கும் ஒரு மணி நேரமாகும்.

செலவு குறைந்த வழிகளை முதலில் ஆராய்தல் வேண்டும். அடுத்த வேலைக்கான கருவிகளை இயந்திரம் ஓடும்போதே தயாராக வைத்துக் கொண்டால், வீணாகும் நேரம் பாதியாகக் குறையக்கூடும். அவ்வாறு குறைந்தால் ஷிப்டுக்கு 297 பாகங்கள் கிடைக்கும். 300க்கு இன்னும் சற்றுக் குறைவே. உணவு, தேநீர் இடைவேளைகளைத் தொழிலாளர்கள் முறைவைத்து எடுத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற மற்றொருவர் அந்த 50 நிமிடமும் கடைசல் இயந்திரத்தை இயக்கினால் ஷிப்டுக்கு 332 பாகங்கள் கிடைக்கும், மாதத்திற்கு 16,600. ஆர்டர் நிறைவேறுவதுடன், எதிர்பாராத கோளாறுகளுக்கு ஓரளவு இடமும் கிடைக்கிறது. இதில் எவருடைய ஓய்வும் பறிக்கப்படவில்லை.

குவியும் சரக்கு

மற்ற இயந்திரங்கள் சும்மா இருக்கக் கூடாது என்று கருதி அவற்றை இடையறாது ஓட்டுவது பரவலான தவறு. வெட்டும் இயந்திரம் ஷிப்டுக்கு 840 துண்டுகளை வெட்டித் தள்ளலாம். அவை கடைசலுக்கு முன் குவியுமேயன்றி லாரியில் ஏறா. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இதனைத் தெளிவாக்குகிறது: தொடருக்குள் தேங்கியுள்ள சரக்கை வெளியேறும் வேகத்தால் வகுத்தால், ஒரு பாகம் உள்ளே தங்கும் காலம் கிடைக்கும். இரு ஷிப்டுகளில் 562 பாகங்கள் வெளியேறும் தொடரில் 1,200 பாகங்கள் தேங்கியிருந்தால், 225 விநாடி வேலையே உள்ள பாகம் இரண்டு நாட்களுக்கு மேல் உள்ளே கிடக்கும். வங்கியில் வாங்கிய நடைமுறை மூலதனமும் அங்கேயே முடங்கும். எனவே மூலப்பொருளை இடுக்கணின் வேகத்திற்கேற்பவே உள்ளே விட வேண்டும்.

மணிக்கணக்கின் எல்லை

கணக்குத் தவறும் இடத்தில் கூடுதல் நேர வேலையே மருந்தாகக் கொள்ளப்படுகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்திற்கு 48 மணி, நாளுக்கு 9 மணி என்று வரம்பிட்டு, கூடுதல் நேரத்திற்கு இருமடங்கு ஊதியம் விதித்தது. கர்நாடகம் 2023இல் கொணர்ந்த திருத்தம் வார வரம்பை மாற்றாமல் நாள் வரம்பை 12 மணி வரை உயர்த்த வழிசெய்தது. மூன்று மாதங்களில் கூடுதல் வேலைக்கான உச்சவரம்பையும் 75 மணியிலிருந்து 145 மணியாக்கியது. அதே ஆண்டு தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய 12 மணி நேர வேலை மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. எல்லையின் இருபுறமும் ஒரே ஆண்டில் இருவேறு முடிவுகள் ஏற்பட்டன.

சட்டம் எதுவாயினும் கணக்கு ஒன்றுதான். சட்டம் இடம் தரும் மணி நேரம் வேறு; தொடர் இழப்பின்றிப் பயன்படுத்தும் மணி நேரம் வேறு. களைத்த கை செய்யும் வேலையில் கழிவு கூடும். கழிவு கூடினால் திறன் குறையும். ஆர்டர் ஏற்கும் முன் ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு, ஒரு வாரப் பொறுமை ஆகியவற்றைக் கொண்டு தன் தொடரின் உண்மைத் திறனை அளந்தறியும் சிறுதொழில், கொடுத்த சொல்லைக் காப்பாற்றும். தன் தொழிலாளரையும் காப்பாற்றும்.