ரேகை விழாத கைக்கும் உரிமை உண்டு

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்கலம் கிளம்பும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகலாகாது என்று தடுக்கப்படுவது நெடுநாளைய வழக்கம். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பட்டதும் அந்தத் தீவிலிருந்துதான். விஞ்ஞானத்தின் மகோன்னதமான சாதனை இத்தனை சமீபத்தில் நிகழும் இந்தக் குப்பங்களில், அன்றாடம் கைக்கு வந்து சேர்ந்துவிட்ட சின்னஞ்சிறு யந்திரங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு அபிப்பிராயங்களில் போய் முடிகிறது: கைப்பேசி வந்ததால் பிழைப்பு மேம்பட்டது என்பது ஒன்று; அதனாலேயே குடி கெட்டது என்பது மற்றொன்று.

முதல் அபிப்பிராயத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. கேரளக் கரையில் 1997 முதல் 2001 வரை கைப்பேசி பரவிய காலத்தை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர், மத்தி மீன் பிடிப்பவர்கள் கடலிலிருந்தபடியே பல ஊர்களின் விலையை விசாரித்துக் கரைசேரத் தொடங்கியபின், விலை போகாமல் மீன் வீணாவது ஏறக்குறைய நின்றதையும், மீனவரின் லாபம் சுமார் 8 சதவீதம் உயர்ந்ததையும், வாங்குபவருக்கோ விலை 4 சதவீதம் குறைந்ததையும் 2007-இல் வெளியிட்டார். மீன் திரளும் இடத்தையும் அலையின் உயரத்தையும் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் நாள்தோறும் அறிவிப்பதும் பெரிய உபகாரமே. ஆனால், யந்திரம் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்வியை இவ்விரண்டு அபிப்பிராயங்களும் எழுப்புவதே இல்லை. ஏழை ஜனங்களுக்கு முக்கியமான கேள்வி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நியாயவிலைக் கடையை எடுத்துக்கொள்வோம். பழவேற்காட்டு ஏரியின் சேற்றில் குனிந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும், வலையிழுத்து, நண்டு பிரித்து, மீன் அரிந்து, உப்புநீரிலேயே விரல்களை ஊறவிட்ட மற்றப் பெண்களுக்கும் விரல் ரேகை தேய்ந்துபோவது இயல்பு. அப்படிப்பட்ட கையைக் கடையிலுள்ள ரேகை யந்திரத்தில் வைத்தால், 'ரேகை விழவில்லை, நாளைக்கு வாம்மா' என்ற பதிலே கிடைக்கிறது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவள், தன் விரலில்தான் ஏதோ குற்றம் என்று எண்ணித் தலைகுனிந்து திரும்புகிறாள். குற்றம் அவளுடையது அன்று. உழைத்துத் தேய்ந்த கையை அறிந்துகொள்ளத் தெரியாத யந்திரத்தை அமைத்தவர்களே அதற்குப் பொறுப்பாளிகள்.

இதே ஏரியில், எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலையிடுவது என்பதை முறைவைத்து நிர்ணயிக்கும் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு இருக்கிறது. இருளருக்கும் பெண்களுக்கும் அதில் பங்கு இல்லாதது பெருங்குறை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், தன் முறை தவறிவிட்டது என்று கருதுகிறவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் கேட்கலாம். கேட்டால் யாரேனும் ஒருவர் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். யந்திரமோ காரணம் சொல்வதில்லை. கடைக்காரரும், சர்வர் சொல்கிறது, நான் என்ன செய்வேன் என்று கைவிரித்துவிடுகிறார். பதில் சொல்லக் கடமைப்பட்ட மனிதர் மறைந்துபோவதே இந்தப் புதிய யுகத்தின் பேரபாயம்.

சட்டமோ அந்த மனிதரை மறைய விடவில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், எண் கிடைக்கப்பெறாதவருக்கு மாற்று அடையாளத்தின்பேரில் உதவியை அளிக்க வேண்டும் என்கிறது. ரேகை பொருந்தாத காரணத்துக்காக எவருக்கும் உணவுப்பொருளை மறுக்கலாகாது என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை விடுத்தது. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும், ரேகை ஒத்துவராததால் உரியவர்க்கு உதவி நின்றுபோகாது என்ற அரசின் வாக்குறுதி பதிவாயிருக்கிறது. ஆகவே, ஒரு விரல் விழாவிட்டால் மற்ற விரல்களை வைத்துப் பார்க்கும்படியும், அதுவும் கூடாவிட்டால் கண் கருவிழியைக் கொண்டோ கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணைக் கொண்டோ, பதிவேட்டில் கையொப்பம் பெற்றோ பொருளை வழங்கும்படியும் நிமிர்ந்து கேளுங்கள். மறுத்தால் உணவுத்துறையின் 1967 என்ற எண்ணுக்கு அழையுங்கள்; திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவாக எழுதிக் கொடுத்து, அத்தாட்சிச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கடையில் விழாத அதே ரேகை, வேறொரு யந்திரத்தில் விழுந்து பணத்தைப் பறிகொடுக்கவும் காரணமாகிறது. மீன்பிடித் தடைக்காலத்து நிவாரணம் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கும் சமயம், அதை எடுத்துத் தருவதாக வீடு தேடி வரும் ஒருவர் சிறு கருவியில் விரலை வைக்கச் சொல்லி, 'விழவில்லை, மறுபடி வையுங்கள்' என்று இரண்டு மூன்று தடவை வைக்கச் சொன்னால், ஒவ்வொரு தடவையும் பணம் போயிருக்கக்கூடும். ரசீதும் குறுஞ்செய்தியும் வரும்வரை இரண்டாந்தரம் விரலை நீட்டாதீர்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ ரேகையைப் பூட்டிவைக்க முடியும். ஆதாரோடு கைப்பேசி எண் இணைந்திருக்க வேண்டும், ரேஷன் வாங்கும் நாளில் பூட்டைத் திறக்கவும் வேண்டும். இதற்கெல்லாம் 1947 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். கூடையுடன் அமர்ந்து மீன் விற்கும் தாய்மார்கள் மற்றொன்றையும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்: கைப்பேசி வழியே பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, அந்த எண்ணைப் போடச் சொல்கிறவன் பணம் தருகிறவன் அல்லன், எடுக்கிறவன்.

பணம் போய்விட்டது என்று அறிந்தால், வெட்கப்பட்டு வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வைப்பதே பெருநஷ்டத்துக்கு வழி. உடனே வங்கிக்கும், இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணுக்கும் சொல்லவேண்டும். பணம் கை மாறிக் கொண்டேயிருப்பதால் முதல் சில மணி நேரமே மதிப்பு மிக்கது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த விதியின்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், நஷ்டம் எதுவும் வாடிக்கையாளரைச் சேராது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய்க்கும், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய்க்கும் மேல் அவர் இழக்க வேண்டியதில்லை. ரகசிய எண்ணை அவரே சொல்லியிருந்தால் புகார் செய்யும்வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையது. அதன்பின் ஏற்படுவது வங்கியுடையது. வாடிக்கையாளர் மேல்தான் தவறு என்று நிரூபிக்கும் பாரமும் வங்கியையே சாரும். முப்பது நாட்களில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடச் செலவு ஏதுமில்லை; விவரம் கேட்க 14448.

கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம் முதலிய ஊர்களின் பஞ்சாயத்தாருக்கும் மகளிர் குழுக்களுக்கும் ஒரு விண்ணப்பம். 1967, 1947, 1930, 14448 ஆகிய நான்கு எண்களையும் ரேஷன் கடைச் சுவரிலும் மீன் ஏலம் கூறும் இடத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரை, மனு எழுதித் தரவும் அந்த எண்களில் பேசித் தரவும் ஊர்ப்பொதுவில் நியமியுங்கள்.