கப்பல் புகாத கடலுக்குக் காவல்

விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்த்தின் நீளம் 262 மீட்டர். மிதக்கும்போது அதன் அடிப்பாகம் 8.4 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதியில் கடலின் ஆழமே பத்து மீட்டரை ஒட்டித்தான். இடையிடையே மணல்திட்டுகள் வேறு. ஆகவே நம் கடற்படையின் இந்தப் பெரிய கப்பல் ராமேஸ்வரத்துக்கு வடக்கே எட்டிக்கூடப் பார்க்க முடியாது. நீர்மூழ்கிக்கும் இதே கதிதான். கல்வரி வகை நீர்மூழ்கி அடியிலிருந்து மேல்கூண்டு வரை 12 மீட்டருக்கு மேல் உயரம். மூழ்கவே ஆழமில்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை?

இப்படிப்பட்ட கடலை எப்படிக் காப்பது? ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில், உச்சிப்புளியில் அதற்கு ஒரு விடை இருக்கிறது. கடற்படைத் தளம் என்றாலே துறைமுகமும் பீரங்கிக் கப்பலும்தான் நினைவுக்கு வரும். இங்கே இருப்பது ஓடுபாதை. 2009 மார்ச்சில் ஐ.என்.எஸ். பருந்து என்று முறைப்படி பெயர் சூட்டப்பட்ட கடற்படை விமானத் தளம் இது. 2012 ஏப்ரலில் ஆளில்லா விமானங்களுக்கான 344-ஆம் படைப்பிரிவு இங்கே தொடங்கப்பட்டது.

தளத்தை இங்கே வைத்ததற்கு நிலத்தின் அமைப்பே காரணம் சொல்லும். ராமநாதபுரம் மாவட்டம் கிழக்கே போகப்போகக் குறுகி, உச்சிப்புளியில் இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு நிலப்பட்டையாகிவிடுகிறது. வடக்கே அரியமான் கடற்கரை, பாக் விரிகுடா. தெற்கே புதுமடம், மன்னார் வளைகுடா. இந்தப் பக்கத்து மீனவர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும்போது வடக்கு அடங்கியிருக்கும். வாடைக்காற்றில் நிலைமை தலைகீழ். ஒரே தளத்திலிருந்து இரண்டு கடலையும் பார்க்க இதைவிட வாகான இடம் இந்தக் கரையில் இல்லை.

இந்த வாகு இன்று கண்டுபிடித்ததும் அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாண்டிய அரியணைப் போட்டியில் தலையிட்ட இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு, தன் தளபதி லங்காபுரனைப் படையோடு அனுப்பினான். அந்தப் படை ராமேஸ்வரத்தைப் பிடித்தது. பாம்பன் தீவின் குந்துகால் பக்கம் மன்னன் பெயரிலேயே ஒரு கோட்டையையும் கட்டியது என்று சூளவம்சம் சொல்கிறது. அந்தப் படையெடுப்பு ஏற்படுத்திய அச்சம் தொண்டை நாட்டின் ஆர்ப்பாக்கம் கல்வெட்டு வரை பதிவாகியிருக்கிறது.

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே வேதாளை என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. 1538-இல் இங்கே நடந்த சண்டையைப் பள்ளிப் பாடப்புத்தகம் சொல்லித்தருவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. இலங்கையின் கோட்டை நாட்டு அரசனுக்கு எதிராகச் சீதாவாக்கை நாட்டின் மாயாதுன்னைக்கு உதவக் கோழிக்கோட்டுச் சாமூதிரி ஒரு பெரிய படகுப்படையை அனுப்பினார். அதை நடத்தி வந்தவர்கள் மரைக்காயர்கள். கடலோடுவதில் அவர்களுக்கு இணை கிடையாது. படை வேதாளைக் கரையில் தங்கியிருந்தபோது, மார்ட்டிம் அபோன்சோ டி சூசா தலைமையில் போர்ச்சுகீசியர் எதிர்பாராமல் வந்து விழுந்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள் குறைவு. ஆனால் எதிரி எங்கே நிற்கிறான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் எங்கே வருகிறார்கள் என்பது மரைக்காயர்களுக்குத் தெரியவில்லை. சண்டை அதிலேயே முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். முத்துக்குளித் துறைகளிலும் இலங்கையிலும் போர்ச்சுகீசியரின் கை ஓங்க அந்த வெற்றி வழிவிட்டது.

வென்றவர்கள் அடுத்துச் செய்ததும் கவனிக்க வேண்டியது. வேதாளையில் ஒரு சிறு கோட்டை எழுந்தது. ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களின் வழியில் அகழி வெட்டிச் சுங்கம் கேட்டார்கள். அதன் விளைவாக மூண்ட மோதலில் 1549-இல் வேதாளையில் கொல்லப்பட்டவர்தான் இயேசு சபையின் முதல் மறைசாட்சியாகக் கருதப்படும் அந்தோனி கிரிமினாலி. பிறகு டச்சுக்காரர்கள் வந்து பாம்பன் கால்வாய் உரிமைக்காகச் சேதுபதிகளோடு சண்டையும் போட்டார்கள், உடன்படிக்கையும் செய்தார்கள்.

ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜூலியன் கார்பெட் 1911-இல் கடற்போர் உத்தி பற்றி எழுதிய நூலில் இந்தச் சண்டைகளுக்கான விளக்கம் இருக்கிறது. நிலத்தைப் போலக் கடலைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. அதில் போகும் வழிகளை யார் கட்டுப்படுத்துகிறார் என்பதே கேள்வி என்றார் அவர். வழியைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் முதலில் வழியில் வருபவனைப் பார்த்தாக வேண்டும்.

பார்ப்பது இங்கே ஒரு வடிவியல் கணக்கு. பூமி உருண்டை என்பதால் கடல் தூரத்தில் வளைந்து இறங்குகிறது. நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். அரியமான் மணலில் நிற்பவரின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலே. நாலரை கிலோமீட்டரில் அவர் பார்வை முடிந்துபோகும். முப்பது மீட்டர் கோபுரத்தில் ஏறினால் இருபது கிலோமீட்டர். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெரான் ஆளில்லா விமானத்துக்கோ 195 கிலோமீட்டர். தலைமன்னார், யாழ்ப்பாணம், கோடியக்கரை எல்லாமே அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஹெரானின் இறக்கை நீளம் 16.6 மீட்டர். ஒருமுறை கிளம்பினால் ஒரு நாளுக்கு மேல் வானத்தில் நிற்கும். விமானி களைத்துப்போகிற பிரச்சினை இல்லை. தரையில் ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் தொடுவானத்துக்குள் இருப்பதெல்லாம் கண்ணில் பட்டுவிடாது. ராடார் அனுப்பும் அலை பொருளில் பட்டுத் திரும்பினால்தான் அது திரையில் தெரியும். இரும்புக் கப்பல் நன்றாகத் திருப்பி அனுப்பும். ஃபைபர் படகும் மரப்படகும் அப்படியல்ல. பெரும்பாலும் எஞ்சின்தான் எதிரொலிக்கும். கடலலையும் தன் பங்குக்கு எதிரொலிப்பதால், வாடைக்காற்று கிளம்பிவிட்டால் பாக் விரிகுடாவில் சின்னப் படகின் புள்ளி அலைகளின் இரைச்சலுக்குள் தொலைந்துபோகும். அப்போது வெப்பத்தைப் பார்க்கும் கேமரா கைகொடுக்கும். இரவில் கடல்நீரைவிடச் சூடாக இருக்கும் எஞ்சினும் மனித உடலும் அதில் பளிச்சென்று தெரியும்.

கண்டுபிடித்த படகைப் போய்ப் பிடிக்க வேண்டுமே? அங்கேயும் ஆழம் குறுக்கே நிற்கிறது. அதனால்தான் மண்டபத்திலுள்ள கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறது. விசிறிகள் அடிப்பக்கத்து ரப்பர் பாவாடைக்குள் காற்றை அடைக்க, ஊர்தி தண்ணீரைத் தொடாமல் அந்தக் காற்றின் மேலேயே நகரும். முழங்கால் அளவுத் தண்ணீரும் மணல்திட்டும் அதற்கு ஒன்றுதான். பின்னால் சுழலும் பெரிய காற்றாடிகளின் இரைச்சலோடு அது கடலிலிருந்து நேராக மணலில் ஏறி நின்று, பாவாடை சுருங்கி மெல்லத் தரையில் அமரும். இங்கே ரோந்துக்கு வேலை குறைவதே இல்லை. 2023 பிப்ரவரியில் மண்டபம் அருகே கடத்தல்காரர்கள் கடலில் வீசிய 17 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தைக் காவல்படையின் முக்குளிப்போர் அடித்தரையிலிருந்து எடுத்தார்கள்.

பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போவதால் உலக அரசியலும் அந்தப் பக்கமாகவே போகிறது. 2005 ஜூலையில் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் அந்தச் சுற்றைத் தவிர்க்க 12 மீட்டர் ஆழத்துக்குக் கால்வாய் வெட்டப் பார்த்து, பாதியில் நின்றது. இலங்கையின் தெற்கே உள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றது. அந்த ஆழ்கடலைப் பார்க்க அரக்கோணத்திலிருந்து கடற்படையின் பி-8ஐ ரோந்து விமானங்கள் கிளம்புகின்றன. உச்சிப்புளியின் வேலை வேறு: அருகில், தாழ்வாக, நாள் முழுவதும்.

அருகில் பார்ப்பதுதான் கடினம் என்பேன். 1974 உடன்படிக்கை பாக் நீரிணையில் ஒரு எல்லைக்கோடு போட்டது. கச்சத்தீவு அதற்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தக் கோட்டின் இருபுறமும் ஒரே மாதிரிப் படகுகளில், ஒரே மொழி பேசும் மீனவர்கள். நம் ஆட்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, படகையும் இழந்து வருகிறார்கள். நம் விசைப்படகுகளின் இழுவை மடியால் தங்கள் கடல் பாழாகிறது என்று வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர்கள் சொல்வதும் பொய்யில்லை. மேலே பறக்கும் கேமராவுக்கு ஒரு படகு தெரியும். எஞ்சின் நின்று நீரோட்டத்தில் இழுபடும் படகா, சரக்கு மாற்றக் காத்திருக்கும் படகா என்பதை அது மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பம் அது. செயற்கைக்கோள் வழியே இருபக்கமும் செய்தி போகும்: எல்லையை நெருங்கினால் படகுக்கு எச்சரிக்கை, ஆபத்தென்றால் கரைக்கு அழைப்பு. இந்தக் கருவி உளவு பார்க்க வைத்தது என்ற சந்தேகம் வந்துவிட்டால் மீனவர் அதை அணைத்துவிடுவார், பிறகு ஹெரான் எவ்வளவு நேரம் பறந்தும் பயனில்லை. பாம்பனிலிருந்தும் வேதாளையிலிருந்தும் போகிற சின்ன நாட்டுப்படகுக்கு இது முதலில் கிடைக்க வேண்டும். அதிலிருந்து வரும் ஆபத்து அழைப்புக்கு, தங்கக் கடத்தல் தகவலுக்குக் கிளம்புகிற அதே வேகத்தில் மண்டபத்திலிருந்து ஹோவர்கிராஃப்ட் கிளம்ப வேண்டும்.