வீட்டு ஒலி அமைப்பில் தனி முன்மிகைப்பி

முன்மிகைப்பி என்பது இசைத்தட்டு இயக்கி, குறுவட்டு இயக்கி போன்ற ஒலி மூலங்களுக்கும் ஒலிபெருக்கியை இயக்கும் திறன் மிகைப்பிக்கும் இடையில் அமையும் மின்சுற்று ஆகும். கடைகளில் இதனை ப்ரீஆம்ப் என்பர். இதன் பணிகள் எல்லா வீட்டு ஒலி அமைப்புகளுக்கும் தேவை. அவற்றுக்காகத் தனிப் பெட்டி வாங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

பணிகள்

வலுக்குறைந்த குறிகையைப் பெருக்குதல், பல மூலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல், ஒலி அளவைக் கட்டுப்படுத்தல், நீண்ட இணைப்புக் கம்பியில் குறிகை நலியாமல் அனுப்புதல் ஆகிய நான்கும் இதன் பணிகள்.

தனிப் பெட்டி வந்த காரணம்

இசைத்தட்டின் காந்த வகைப் பிக்கப் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே. மேலும், இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவு செய்வர். அதனை நேர்செய்யும் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு 1954இல் வரையறுக்கப்பட்டது. இவ்வளவு சிறிய குறிகையைப் பெரிய மின்மாற்றிக்கு அருகில் பெருக்கினால் 'உம்' என்ற இரைச்சல் கலக்கும். எனவே இரண்டு பெட்டிகளாகப் பிரிப்பது பயன் தந்தது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டு இயக்கிகள் ஏறத்தாழ 2 வோல்ட் தந்ததால் நிலைமை மாறியது.

ஓர் எளிய கணக்கு

8 ஓம் ஒலிபெருக்கியில் 100 வாட் பெற 28.3 வோல்ட் வேண்டும். திறன் மிகைப்பி 20 மடங்கு பெருக்கினால் அதன் உள்ளீட்டில் 1.4 வோல்ட் போதும். குறுவட்டின் 2 வோல்ட் அதைவிட அதிகம். பிக்கப்பின் 5 மில்லிவோல்ட்டோ வெளியீட்டில் 0.1 வோல்ட் ஆகும். கிடைப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வாட். ஆகவே இசைத்தட்டுக்கு முன்பெருக்கம் கட்டாயம், குறுவட்டுக்குத் தேவையில்லை.

ஆயினும் ஒலி அளவுக் கட்டுப்பாடு இல்லாத குறுவட்டு இயக்கியை நேராகத் திறன் மிகைப்பியில் இணைக்கக் கூடாது. குறிகை உச்சத்தை எட்டும்போது மிகைப்பி 40 வோல்ட் தர முயன்று, முடியாமல் ஒலியைச் சிதைக்கும். ஒலிபெருக்கி பழுதாகலாம்; செவிக்கும் கேடு.

மின்சாரம் வேண்டாத, குமிழ் மட்டும் கொண்ட பெட்டியும் உண்டு. 50 கிலோ ஓம் குமிழின் வெளியீட்டு மின்தடை நடுநிலையில் 12.5 கிலோ ஓம் வரை உயரும். 1000 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் உள்ள நீண்ட கம்பியை அதில் இணைத்தால், 12.7 கிலோஹெர்ட்ஸில் குறிகை 3 டெசிபல் குறைந்துவிடும். கம்பி குட்டையாகவும் குமிழின் மின்தடை 10 கிலோ ஓம் ஆகவும் இருந்தால் இக்குறை செவிக்குத் தெரியாது.

யாருக்குத் தேவை

- ஒருங்கிணைந்த மிகைப்பி வைத்திருப்பவருக்குத் தேவையில்லை. முன்மிகைப்பி அதனுள்ளேயே உள்ளது.
- அதில் இசைத்தட்டுக்கான உள்ளீடு இல்லையெனில் சிறிய போனோ முன்மிகைப்பி மட்டும் போதும்.
- ஒலி அளவுக் கட்டுப்பாடு உள்ள ஒரே எண்ணிம மூலத்தைத் திறன் மிகைப்பியில் நேராக இணைக்கலாம். மிகைப்பியை இயக்கும் முன் அளவைக் குறைத்து வைக்க வேண்டும்.
- தனித் திறன் மிகைப்பி, பல மூலங்கள், நீண்ட கம்பிகள் எனில் தனி முன்மிகைப்பி உண்மையில் பயன்படும்.

ஒப்பிடும் முறை

சற்று உரத்து ஒலிப்பதே நன்றாக இருப்பதாகச் செவிக்குத் தோன்றும். ஆகவே வாங்குமுன் ஒரே சோதனை ஒலியை ஒலிக்கவிட்டு, இரு அமைப்பிலும் ஒலிபெருக்கி முனைகளின் மின்னழுத்தத்தை மின்னளவியால் சமமாக்கிய பின்பே இசையைக் கேட்டு ஒப்பிட வேண்டும். அப்போதும் வேறுபாடு தெரியவில்லை எனில் அந்தப் பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவிடலாம்.