கிராம் சாயமும் கிருமிகளின் இரு பெரும் பிரிவுகளும்

கடுங்காய்ச்சலும் தலைவலியும் கழுத்து விறைப்புமாக ஒரு நோயாளி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார். மூளையுறையில் அழற்சி கண்டிருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுகிறார். முதுகெலும்புகளின் இடையே ஊசி செலுத்தி எடுத்த தண்டுவட நீர், இயல்பான தெளிவின்றிக் கலங்கியிருக்கிறது. அதிலுள்ள கிருமியை வளர்த்து இனங்காண ஒரு நாளோ இரு நாட்களோ ஆகும். இந்நோய் அத்துணைக் காலம் காத்திராது. ஆகவே, பலவகைக் கிருமிகளையும் தாக்கவல்ல மருந்துகள் உடனே தொடங்கப்படுகின்றன. அதே வேளையில் அந்நீரின் ஒரு துளி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகட்டின்மீது இடப்பட்டுச் சாயமேற்றப்படுகிறது. சில நிமிடங்களில், நுண்பெருக்கியின் கீழ் ஊதா நிற இரட்டைக் கோளங்கள் தென்படின், அவை நிமோகாக்கஸ் எனக் கருத இடமுண்டு. காப்பிக் கொட்டைகளை இணைத்து வைத்தாற்போன்ற செந்நிற இரட்டைகள் தென்படின், மெனிஞ்சோகாக்கஸ் எனலாம். பின்னது நெருங்கிப் பழகுவோருக்குத் தொற்றக் கூடியது. ஆதலின் நோயாளியின் வீட்டாருக்கும் நோய் வராமல் காக்கும் மருந்து கொடுக்கவேண்டும்.

இச்சோதனைக்குக் கிராம் சாயமேற்றம் என்று பெயர். எடையைக் குறிக்கும் கிராமுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஹான்ஸ் கிரிஸ்டியன் கிராம் (1853-1938) டென்மார்க் நாட்டு மருத்துவர். பெர்லின் நகர மருத்துவமனையொன்றின் பிணவறையில் கார்ல் ஃபிரீட்லண்டர் என்பாருடன் பணியாற்றியபோது, நிமோனியாவால் மாண்டோரின் நுரையீரலில் கிருமிகளைத் தெளிவாகக் காண வழி தேடினார். சாயமிட்டால், கிருமியும் திசுவின் உட்கருக்களும் ஒன்றுபோலவே நிறம் பெற்றுக் கண்ணை மயக்கின. ஊதாச் சாயத்தின்மேல் அயோடின் கரைசலை இட்டு, ஆல்கஹாலால் கழுவியபோது திசு நிறமிழந்தது. கிருமிகளோ நிறத்தோடு நின்றன. ஆனால், டைஃபாய்டு கிருமி முதலிய சில, திசுவோடு தாமும் வெளுத்துப்போயின. 1884-இல் தம் முறையை வெளியிட்டபோது, அது மிகவும் குறைபாடுடையது என்றே கிராம் எழுதினார். கிருமிகளை வகைப்படுத்துவது அவர் நோக்கமன்று. எனினும், சில கிருமிகள் நிறமிழப்பதே அம்முறைக்குப் பின்னாளில் பெரும்பயனைத் தேடித்தந்தது.

அக்காலத்தில், நிமோனியாவிற்குக் காரணமான கிருமி எது என்பதில் ஃபிரீட்லண்டருக்கும் ஆல்பெர்ட் ஃபிராங்கெலுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. இருவரும் கண்டவை வெவ்வேறு கிருமிகளே! ஃபிராங்கெலின் கிருமி ஊதா நிறத்தை விடாது பற்றிக்கொள்ளும். ஃபிரீட்லண்டரின் கிருமி அதை விட்டுவிடும்.

இன்று வழங்கும் முறை இது: தகட்டில் மெல்லியதாகப் பூசிய பொருளை உலர்த்தி, இளஞ்சூட்டில் ஒட்டச் செய்து, கிரிஸ்டல் வயலெட் என்னும் ஊதாச் சாயத்தை ஏறத்தாழ ஒரு நிமிடம் இடுவர். நீரால் கழுவி, அயோடின் கரைசலை மற்றொரு நிமிடம் இடுவர். பின்னர் ஆல்கஹால், சில நொடிகளே. இறுதியில் சாஃப்ரானின் என்னும் செஞ்சாயம். இது கிராம் கையாண்டதன்று, பிறர் சேர்த்தது. ஊதாவாக நிற்பவை கிராம் பாசிட்டிவ். ஊதாவை இழந்து செந்நிறம் ஏற்பவை கிராம் நெகட்டிவ்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? சாயமும் அயோடினும் இருவகைக் கிருமிகளுக்குள்ளும் புகுந்து, ஒன்றோடொன்று கூடிப் பெரிய கூட்டுப்பொருளாகின்றன. வேற்றுமை அது வெளியேறுவதில்தான் இருக்கிறது. கிராம் பாசிட்டிவ் கிருமியின் சுவர், பெப்டிடோகிளைக்கான் என்னும் வலைப்பொருள் பல அடுக்காகப் படிந்த தடித்த சுவர். 20 முதல் 80 நானோமீட்டர் வரை இருக்கும். (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) ஆல்கஹால் பட்டதும் இச்சுவர் நீரை இழந்து இறுகிவிட, கூட்டுப்பொருள் உள்ளேயே சிறைப்படுகிறது. மற்ற வகையில் இவ்வலை சில நானோமீட்டரே தடிப்புடையது. அதற்கு வெளியே கொழுப்புச் சத்து மிகுந்த ஒரு சவ்வு போர்த்தியிருக்கும். ஆல்கஹால் அப்போர்வையைக் கரைத்துவிடச் சாயம் வெளியேறுகிறது. 1983-இல் பெவரிட்ஜ், டேவிஸ் என்னும் ஆய்வாளர்கள், அயோடினுக்கு மாற்றாகப் பிளாட்டினக் கூட்டுப்பொருளொன்றை வழங்கி, இந்நிகழ்ச்சியை எலக்ட்ரான் நுண்பெருக்கியில் கண்டனர். கிராம் முறை தோன்றி அதற்குள் ஏறக்குறைய நூறாண்டு கழிந்திருந்தது!

நிறத்தைத் தீர்மானிக்கும் இதே சுவர்தான் மருந்தின் வெற்றியையும் பெரிதும் தீர்மானிக்கிறது. வான்கோமைசின் என்னும் மருந்தின் மூலக்கூறு பெரியது. கிராம் நெகட்டிவ் கிருமியின் வெளிச்சவ்வைக் கடந்து உட்செல்லமாட்டாது. மேலும், அச்சவ்விலுள்ள கொழுப்பு-சர்க்கரைக் கூட்டுப்பொருள் இரத்தத்தில் மிகும்போது, இரத்த அழுத்தம் தாழ்ந்து நோயாளி அதிர்ச்சி நிலையை எய்தலாம். ஆகவேதான், நோயாளியின் இரத்தத்திலிருந்து கிருமி வளர்ந்துவிட்டது என்று தானியங்கிக் கருவி அறிவித்ததும், ஆய்வுக்கூடத்தார் முதலில் கிராம் சாயமேற்றிப் பார்த்து, மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கின்றனர்.

சோதனை எளிதாயினும் கைத்திறன் வேண்டுவது. ஆல்கஹாலைச் சற்று அதிகமாக ஓடவிட்டால் ஊதாவாக நிற்கவேண்டியவையும் வெளுத்துவிடும். பூச்சு தடித்திருந்தால் வெளுக்கவேண்டியவையும் ஊதாவாகத் தோன்றும். நாட்பட்ட வளர்ப்பிலுள்ள கிராம் பாசிட்டிவ் கிருமிகள் சுவர் நலிந்து செந்நிறம் காட்டுவதும் உண்டு. அறிந்த கிருமிகள் இரண்டையும் உடன் சாயமேற்றி ஒப்பிடுவது இதற்காகவே.

இவ்விரு பிரிவுகளில் அடங்காத கிருமிகளும் உள்ளன. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே இல்லை. காசநோய்க் கிருமியின் சுவரிலோ மெழுகுப் பொருள் மிகுதி. கிராம் சாயம் அதில் நன்கு ஏறுவதில்லை. ஆதலால், நீடித்த இருமலுடைய ஒருவரின் சளியில் கிராம் சாயமேற்றத்தால் எக்கிருமியும் புலப்படாதது, அவருக்குக் காசநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஃபுக்சின் சாயமும் அமிலமும் கொண்டு செய்யும் சீல்-நீல்சன் சோதனையோ, மரபணுச் சோதனையோ தனியே செய்யப்படவேண்டும்.