குடிமராமத்து: சொல்லும் பொருளும்

திருவண்ணாமலைச் சுற்றுப்புறத்து ஏரிப்பாசன ரயத்துகள் அறிந்த பழஞ்சொற்களுள் குடிமராமத்து என்பது ஒன்றாகும். இஃது இரு பாஷைகளின் சேர்க்கையால் உண்டாயது. 'குடி' தமிழ்ச் சொல்; கிராமத்தில் நிலைத்திருந்து பயிரிடுவோரைக் குறிக்கும். 'மராமத்து' பழுதுபார்த்தல் எனப் பொருள்படும் அரபுச் சொல். பாரசீக பாஷையில் நடைபெற்ற ராஜாங்கக் கச்சேரிகளின் வழியே தமிழில் புகுந்தது. ஆகவே, குடிகள் தாமே செய்துகொள்ளும் பழுதுபார்ப்பு என்பதே இதன் பொருள்.

சொல் பிற்காலத்ததாயினும் வழக்கம் பழமையானது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்ச் சாஸனங்கள் (919, 921) ஏரி வாரியத்துக்கு அங்கத்தினரைக் குடவோலையால் தெரிந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. சென்னை மாகாணத்தில் 1858-ஆம் வருஷத்துக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்கத்தை வற்புறுத்த இடமளித்தும், அது நாளடைவில் தளர்ந்தது. 2017-ல் தமிழக அரசு இதே பெயரால் ஒரு திட்டம் தொடங்கி, செலவில் நூற்றுக்கு 10 பங்கைப் பாசனதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அளிக்கச் செய்தது.

வழக்கப்படி, மதகு, கலங்கல் முதலிய கட்டுவேலைகள் ஸர்க்காரைச் சேர்ந்தவை. வாய்க்காலில் தூர் எடுத்தல், கரையில் புதர் களைதல், மழை அரித்த பள்ளங்களை மண்ணிட்டு அடைத்தல் ஆகியன குடிகளைச் சேர்ந்தவை. வருஷந்தோறும் செய்யின் இவை சிறு வேலைகளே. விட்டுவிடின், புதரின் வேர்வழியே ஜலம் கசிந்து கரை உடைதலும் கூடும். நமது பக்கத்து ஏரிகள் ஒன்றன் உபரி ஜலம் மற்றொன்றுக்குச் செல்லுமாறு அமைந்தவை. மேலேரி உடைந்தால் கீழேரிக்கும் கேடு நேரும். ஆதலின், ஏரி வற்றியுள்ள கோடையிலேயே நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கரையை ஒருங்கே பார்வையிட்டு, அவரவர் பங்கு வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துக்கொள்வது நலம்.